‘கடைசியா எவ்வளவு சம்பளம் வாங்கினீங்க?’

‘தனியார் கம்பெனியில் சாதி பார்ப்பதில்லை, திறமை இருந்தால் போதும்.’ வேலை தேடும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கேட்டே வளர்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரே படிப்பு, ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. அப்படி எழுதிய விண்ணப்பங்கள் தனியார் நிறுவனங்களுக்குப் போயின. தலித் பெயர்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, ஆதிக்க சாதிப் பெயர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

தமிழ்நாட்டில் நாம் பெயரோடு சாதியைச் சேர்ப்பதில்லை. அதனால் இங்கே கேள்வி சுற்றி வருகிறது. ‘சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?’ இதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

இந்த வாசலைத் தாண்டினால் அடுத்தது சம்பளம். கல்விக் கடன் தவணை காத்திருக்கிறது, தங்கையின் கல்லூரிக் கட்டணம் காத்திருக்கிறது. முதலில் கிடைத்த வேலையை, சொன்ன சம்பளத்துக்கே ஏற்கிறோம். அந்த வேலைக்கு எவ்வளவு கேட்கலாம் என்று சொல்ல, உள்ளே நமக்கு ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லை.

ஒரு கணக்குப் போடுவோம். நமக்கு 20,000 ரூபாய், அதே வேலை செய்யும் பக்கத்து இருக்கைக்காரருக்கு 25,000. இருவரும் வேலை மாறுகிறார்கள். புதிய கம்பெனி பழைய சம்பளத்தைக் கேட்டு, இருவருக்கும் 30 சதவீதம் கூட்டித் தருகிறது. நமக்கு 26,000, அவருக்கு 32,500. 5,000 ஆக இருந்த இடைவெளி 6,500 ஆகிவிட்டது. இன்னொரு முறை மாறினால் 8,450. யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் விழுந்த பள்ளம் ஆழமாகிக்கொண்டே போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆண், பெண் பாகுபாட்டைத்தான் தடுத்தது. அதற்கு மாற்றாக வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் பாலினத்தோடு நின்றுவிட்டது. அரசுப் பணியில் பதவி உயர்வில் இட ஒதுக்கீட்டுக்கு 1995இல் 77ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வழிசெய்தது. அப்படி உயர்ந்தவரின் பணிமூப்பைக் காக்க 2001இல் 85ஆவது திருத்தம் வந்தது. தனியார் துறையில் இரண்டுமே கிடையாது. நாம் வேலை கற்றுக்கொடுத்தவரே நாளை நமக்கு மேலாளராக வந்தாலும், ஏன் என்று கேட்க ஒரு விதி இல்லை.

எனவே தனியார் துறை இட ஒதுக்கீட்டோடு சேர்த்து மூன்று கோரிக்கைகளை நாம் எழுப்ப வேண்டும். வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பு இருக்க வேண்டும். பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. பதவி உயர்வுக்கான அளவுகோல் எழுத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, மதிப்பீட்டு மின்னஞ்சல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முக்கியமாக, வேலையில் இருக்கும் அண்ணன்களே, அக்காக்களே, உங்கள் சம்பளத்தை அடுத்து வரும் தம்பி, தங்கைகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு உள்ளே இல்லாத அந்த மாமாவும் சித்தப்பாவும் நாமாகத்தான் இருக்க வேண்டும்.