கண்ணில் விடும் துளியும் மருந்தே: கேட்கப்படாத மூன்று கேள்விகள்

மருந்து என்றால் குளிசை, அல்லது ஊசி. கண்ணில் விடும் துளியை மருந்தாகக் கணக்கில் எடுக்கும் வழக்கம் புலம்பெயர் தமிழர் இல்லங்களில் இன்னமும் வேரூன்றவில்லை. "வேறு என்ன மருந்துகள் எடுக்கிறீர்கள்?" என்று மருத்துவர் வினவும்போது பிரஷர் குளிசை சொல்லப்படும், சீனி வருத்தத்திற்கான குளிசை சொல்லப்படும், கொழுப்புக் குளிசையும் சொல்லப்படும். படுக்கையருகே மேசையில் நிற்கும் சிறு குப்பி மட்டும் சொல்லப்படுவதில்லை. "அது சும்மா கண்ணுக்கு விடுறது" என்ற ஒற்றை வசனத்தோடு அது ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

இந்தச் "சும்மா" என்ற சொல்லே ஆபத்தின் தொடக்கமாகும். குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய்க்குப் பல பத்தாண்டுகளாக வழங்கப்பட்டுவரும் டிமோலோல் துளிமருந்து, பீட்டா தடுப்பான் என்னும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. உயர் குருதி அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் கொடுக்கப்படும் அட்டெனோலோல், பிசோப்புரொலோல், புரொப்பிரானோலோல் ஆகிய குளிசைகளும் இதே குடும்பத்தின் உறுப்பினர்களே. இவற்றின் பெயர்கள் யாவும் "ஓலோல்" என்று முடிவதைக் கவனித்தாலே இந்த உறவு புலப்படும். புரொப்பிரானோலோலை உருவாக்கிய சேர் ஜேம்ஸ் பிளாக் 1988ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதயத்தின் போக்கையே மாற்றவல்ல இத்தகைய மருந்தைக் கண்ணில் விடுவதனால் மட்டும் அது "சும்மா" ஆகிவிடுமா?

கண்ணில் விட்டது கண்ணோடு நிற்பதில்லை

டிமோலோல் கண்ணின் உள்ளே சுரக்கும் நீரின் அளவைக் குறைக்கிறது. அதனால் கண்ணழுத்தம் தணிந்து பார்வை நரம்பு காக்கப்படுகிறது. இது மெய்யான நன்மை, இதை மறுப்பதற்கில்லை. ஆனால் விடப்படும் துளி முழுவதையும் கண் தாங்கிக்கொள்வதில்லை. மிஞ்சியது கண்ணின் மூக்கோரத்தில் உள்ள கண்ணீர்க் குழாய் வழியே மூக்கினுள் வடிகிறது. அங்குள்ள மெல்லிய சவ்வு அதை உறிஞ்சி நேரே குருதியில் சேர்க்கிறது. கண்ணில் மருந்து விட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பை உணர்ந்தவர்கள் இந்தப் பாதையைத் தாமே அறிந்தவர்கள்.

"ஒரு துளிதானே, அது என்ன செய்யும்?" என்று சிலர் வாதிடலாம். ஒரு துளியில் இருப்பது ஏறத்தாழக் கால் மில்லிகிராம் என்பது உண்மையே. ஆயினும், விழுங்கும் குளிசை குடலிலிருந்து முதலில் ஈரலுக்குச் சென்று அங்கு பெருமளவு சிதைந்த பின்னரே உடலெங்கும் பரவுகிறது. மூக்கின் வழியே நுழையும் துளியோ அந்தக் காவலைக் கடக்காமலே இதயத்தையும் நுரையீரலையும் சென்றடைகிறது. அங்கு இதயத் துடிப்பை மந்தமாக்கவும் மூச்சுக் குழாய்களைச் சுருக்கவும் அதனால் இயலும்.

இது வெறும் ஊகமன்று. டிமோலோல் துளிமருந்து அமெரிக்காவில் 1978இல் பயன்பாட்டுக்கு வந்தது. அவ்வாண்டிலிருந்து 1985 வரையான காலத்தில் அதனோடு தொடர்புபடுத்தப்பட்ட 450 கடுமையான சுவாச, இதயப் பாதிப்புகளும் 32 மரணங்களும் அங்கு அறிக்கையிடப்பட்டதாக 1986இல் வெளியான மருத்துவக் கட்டுரையொன்று பதிவுசெய்தது. பிரித்தானியாவில் முதியோரிடம் நடத்தப்பட்டு 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மேலும் ஒரு படி சென்றது. முன்னர் மூச்சு நோய் எதுவும் இல்லாதிருந்தவர்களிடையே கூட, இத்துளிமருந்தைத் தொடங்கியோருக்கு மூச்சுத்தடைக்கான மருந்து புதிதாகத் தேவைப்படும் வாய்ப்பு, தொடங்காதோரைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு முதியவர் படியேற மூச்சு வாங்கினால் "வயது போய்விட்டது", "இந்த நாட்டுக் குளிர்" என்று சொல்லிக் கடந்துபோகும் குடும்பங்கள் இந்த முடிவைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேர்த்தியின் தோளில் ஏற்றப்படும் சுமை

பலருக்கும் பழக்கமான ஒரு காட்சியை இங்கு எண்ணிப் பார்க்கலாம். இலண்டன் மருத்துவமனையொன்றின் கண் பிரிவு. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அம்மா வேலைக்குப் போய்விட்டார். பாடசாலைக்கு விடுப்பெடுத்த பதின்மூன்று வயதுப் பேர்த்தி துணைக்கு வந்திருக்கிறாள். மருந்தெழுதும் முன் மருத்துவர், மார்பில் ஏதாவது நோய் உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். பிள்ளை தனக்குத் தெரிந்த தமிழில் மொழிபெயர்க்கிறாள்:

"அம்மம்மா, நெஞ்சிலை ஏதும் வருத்தம் இருக்கோ எண்டு கேக்கினம்."

"இல்லைப் பிள்ளை, எனக்கு நெஞ்சு வருத்தம் ஒண்டும் இல்லை."

அம்மம்மா பொய் சொல்லவில்லை. தமிழில் நெஞ்சு வருத்தம் என்றால் அது இதய நோய். சிறுவயது முதல் அவரை வாட்டிய இழுப்புக்குப் பெயர் வேறு: தொய்வு, முட்டு. அந்தச் சொல்லை எவரும் கேட்கவில்லை. பேர்த்தியும் பிழை செய்யவில்லை. அவளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. மருத்துவர் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டதாக ஏட்டில் பதிவாகிறது, மருந்து எழுதப்படுகிறது. மூவரும் தத்தம் கடமையைச் செய்திருக்க, தொய்வு உள்ள ஒருவரின் கையில் தொய்வு உள்ளோருக்கு விலக்கப்பட்ட மருந்து வந்து சேர்கிறது.

இதில் குற்றவாளி யார்? சிறுபிள்ளையை மொழிபெயர்ப்பாளராக ஏற்றுக்கொண்டு அதனோடு தன் பொறுப்பு முடிந்ததெனக் கருதும் மருத்துவ அமைப்பு முதற் குற்றவாளி. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிப் பெற வழியுண்டு. அவ்வழி இருக்கையில் ஒரு முதியவரின் உயிரைப் பிள்ளையின் அரைகுறைத் தமிழில் தொங்கவிடுவதை நேர மிச்சம் என்று எவரும் நியாயப்படுத்த முடியாது.

ஆனால் குற்றத்தை முழுவதும் வெளியே தள்ளிவிட்டுத் தமிழ்ச் சமூகம் தப்பிக்கொள்ளவும் முடியாது. தொய்வு என்பதை வெளியே சொல்லக்கூடாத குறையாகக் கருதி, பெண் பிள்ளையின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடும் என்று மறைத்துவைக்கும் வழக்கம் விமானமேறி இந்நாடுகளுக்கும் வந்துசேர்ந்திருக்கிறது. ஊராரிடம் மறைத்தது காலப்போக்கில் மருத்துவரிடமும் மறைக்கப்படுகிறது. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ உறவினர் மூலம் தருவிக்கப்படும் கண்மருந்துக் குப்பிகள் எந்த மருத்துவப் பதிவிலும் இடம்பெறுவதில்லை. மானத்தைக் காப்பதாக எண்ணி மூச்சைப் பணயம் வைப்பது எவ்வகை அறிவுடைமை?

கேட்கப்பட வேண்டிய மூன்று கேள்விகள்

முதலாவது, மூச்சு. தொய்வு, முட்டு, இழுப்பு, நாட்பட்ட மூச்சுத்தடை நோய் ஆகியவற்றுள் எதுவேனும் இப்போதோ முன்னரோ இருந்ததா? டிமோலோல் மூச்சுக் குழாயைச் சுருக்குவதோடு நிற்பதில்லை. தொய்வுக்காரர் நெருக்கடியில் எடுக்கும் நீல நிறப் பம்பின் சல்பியூட்டமோல் எந்த வாயிலில் வேலை செய்கிறதோ, அந்த வாயிலையே இது அடைத்துவிடுகிறது. உதவி மிகவும் வேண்டிய நேரத்தில் உதவும் மருந்தின் வலுவும் குன்றுகிறது.

இரண்டாவது, இதயம். நாடித் துடிப்பு மிகக் குறைவு, இதய மின்னோட்டத் தடை, கட்டுப்படாத இதயச் செயலிழப்பு ஆகியன உள்ளோருக்கு இத்துளி ஏற்றதன்று. தலைச்சுற்று, மயக்கம், காரணமின்றி விழுதல் ஆகியவற்றை முதுமையின் தலையில் கட்டிவிடாமல், அவை மருந்து தொடங்கிய பின் வந்தவையா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஏனைய மருந்துகள். "ஓலோல்" என முடியும் குளிசையை ஏற்கனவே எடுப்பவர், வெரப்பமில் அல்லது டில்ட்டியாசெம் எடுப்பவர், மனச்சோர்வுக்குப் பரொக்செற்றின் அல்லது புளுவொக்செற்றின் எடுப்பவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தமிழர் இல்லங்களில் மலிந்துள்ள நீரிழிவுக்கு இன்சுலின் போடுவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. சீனி திடீரென இறங்கும்போது உடல் தரும் முன்னறிவிப்பான நடுக்கத்தையும் படபடப்பையும் இம்மருந்து மறைத்துவிடக்கூடும்.

இன்னுமொரு மறைவான பொறியும் உள்ளது. கொசொப்ட், கொம்பிகன், சலாகொம், கன்போர்ட், டுவோட்ராவ், அசர்கா ஆகிய கூட்டு மருந்துகள் அனைத்தினுள்ளும் டிமோலோல் அடங்கியுள்ளது. குப்பியின் பெரிய எழுத்துப் பெயரில் அது தெரியாது. கீழேயுள்ள சிறு எழுத்தில்தான் தெரியும். ஆங்கிலம் நன்கு வாசிக்கும் இளையோர் செய்யக்கூடிய பெருந்தொண்டு இதுவே. மொழிபெயர்ப்பாளர் வேலையை மருத்துவமனையிடம் விட்டுவிட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு குப்பியின் சிறு எழுத்தையும் வாசித்து, அதை மருந்துப் பட்டியலில் எழுதிக் கொடுத்தலே அது.

குப்பியை எறிவது விடையன்று

இவற்றை வாசித்ததும் குப்பியைக் குப்பையில் போட எண்ணுவோர் அதைவிடப் பெரிய தவறைச் செய்வர். கண்ணழுத்த நோய் வலியின்றிப் பார்வையை அரிப்பது. போன பார்வை ஒருபோதும் மீள்வதில்லை. தேனையும் மூலிகைச் சாற்றையும் கண்ணில் விட்டு நோய் தீர்ந்ததாகக் கதை பரப்புவோர் குருட்டுத்தன்மைக்கு வழிகாட்டுகிறார்கள். ஏற்ற ஒருவருக்கு டிமோலோல் இன்றும் பயனுள்ள மருந்தே. எனவே மருத்துவருடன் பேசாமல் எவரும் அதை நிறுத்தக்கூடாது. ஆனால் மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ அடுத்த துளியை விடாமல் உடனே அவசர உதவியை அழைத்து, குப்பியையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

விடும் முறையும் கற்கப்பட வேண்டியது. கையைக் கழுவி, கீழிமையைச் சற்று இழுத்து, ஒரே ஒரு துளி விட்டால் போதும். இரண்டாவது துளி வழிந்தோடுமேயன்றிப் பயன் தராது. பின்னர் கண்ணை மெதுவாக மூடி, கண்ணின் மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடங்களேனும் அழுத்திப் பிடிக்க வேண்டும். காசு செலவில்லாத இச்செயல் உடலினுள் செல்லும் மருந்தைப் பெருமளவு குறைக்கிறது. வேறு துளிமருந்தும் இருப்பின் ஐந்து நிமிடங்கள் கழித்தே விட வேண்டும்.

டிமோலோல் ஒத்துவராதோர் வழியற்றவர்களும் அல்லர். 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லற்றனோபுரொஸ்ட் வகைத் துளிகள் பீட்டா தடுப்பான்கள் அல்ல. லேசர் கதிர்ச் சிகிச்சையை முதற் சிகிச்சையாகக் கொள்ளலாம் என்பதற்கு 2019இல் வெளியான பிரித்தானிய ஆய்வு வலுவான சான்று தந்தது. 2022 முதல் இங்கிலாந்தின் அரச மருத்துவ வழிகாட்டலும், புதிதாக நோய் கண்டறியப்பட்ட பலருக்கு அதையே முதலில் பரிந்துரைக்கிறது. "எனக்குத் தொய்வு இருக்கிறது, வேறு வழி உண்டா?" என்று கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது, அது நோயாளியின் உரிமை.

அந்த உரிமையைப் பயன்படுத்தத் தமிழில் கேட்கும் ஒருவர் தேவை. தமிழில் மறைக்காமல் விடை கூறும் ஒருவரும் தேவை. முன்னதை மருத்துவமனைகளிடம் வற்புறுத்திப் பெற வேண்டியது தமிழ் அமைப்புகளின் கடமை. பின்னது ஒவ்வொரு வீட்டின் கடமை. அம்மம்மாவின் கண்ணைக் காக்கத் தரப்படும் மருந்து அவரது மூச்சைப் பறிக்காதிருக்க, "தொய்வு" என்ற ஒரு சொல் உரிய நேரத்தில் உரக்கச் சொல்லப்பட்டாலே போதும். அதைச் சொல்ல இனியும் வெட்கப்படலாகாது.