பெட்டியில் முட்டையிடக் கோழியைப் பழக்குவோம்



கோழி வளர்க்கும் பெண்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "பெட்டி செய்து வைத்திருக்கிறேன். கோழி அதற்குள் போகுதில்லையே!" வாழ்வாதார உதவியாகக் குஞ்சும் கம்பிவலையும் கூரைத் தகரமும் கொடுப்பார்கள். ஆனால் முட்டை எங்கே விழப் போகிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஊர்க்கோழி ஒன்று முட்டையிட ஐந்தரை, ஆறு மாதம் ஆகிறது. அத்தனை நாளும் தீனி போட்டுவிட்டு, முட்டையைக் கீரியும் பாம்பும் தின்னக் கொடுப்பதா? 2022இல் முட்டை விலை ஏறி, 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கொண்டுவந்ததை நாம் மறந்துவிடவில்லை.

முதலில் கோழியின் புத்தியை விளங்கிக்கொள்வோம். உடப்புசல்லாவையில் தேயிலை மலைக்கு மேலே காட்டோரத்தில் காட்டுச்சேவல் கூவும். அது இலங்கைக்கு மட்டுமே உரிய இனம், நமது தேசியப் பறவை. வீட்டுக்கோழி அதன் வழியில் வந்ததல்ல. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் உள்ள சிவப்புக் காட்டுக்கோழியின் வழியில் வந்தது. ஆனாலும் முட்டையிடும் விஷயத்தில் இரண்டுக்கும் ஒரே புத்திதான். மேலே மூடி, உள்ளே இருட்டாய், ஆள் நடமாட்டமில்லாத இடத்தைத் தேடும். நாம் வைத்த பெட்டி வாசலுக்கு நேரே, வெளிச்சத்தில், பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் இருந்தால் கோழி அதை ஏறிட்டும் பாராது. அதைக் கள்ளக்கோழி என்று திட்டுவதில் நியாயமில்லை.

வெளியே இடும் முட்டையால் முட்டை மட்டும் நட்டமல்ல. "போய்த் தேடிப் பார்" என்று நாம் பிள்ளையைத்தானே அனுப்புகிறோம்! இங்கே தேயிலைத் தூருக்குள் குளவிக்கூடு இருக்கும். வன்னியில் வெடிபொருள் அபாயப் பலகை நிற்கும் பற்றைப் பக்கம் கோழி போனால், அந்த முட்டையை மறந்துவிடுங்கள். பிள்ளையை அனுப்பவும் வேண்டாம், நீங்களும் போக வேண்டாம். கோழியைப் பெட்டிக்குப் பழக்கிவிட்டால் பற்றையில் தேடும் வேலையே இல்லை.

எங்கள் லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். 1977 கலவரத்துக்குப் பிறகு அவருடைய குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியது. கணவரை இழந்து, 2009க்குப் பிறகு பிள்ளைகளோடு இங்கே சொந்தக்காரரிடம் திரும்பினார். அவருடைய 5 கோழிகளும் பக்கத்துக் காம்பராக்காரர் அடுக்கி வைத்திருந்த கவ்வாத்து மிலாறுக்குள் முட்டையிட்டன. முட்டை யாருக்குச் சொந்தம் என்று பேச்சு வந்தது. பிறகு பேச்சு ஏச்சாகியது. "நான் வந்தவள், என்னத்தைச் சொல்ல?" என்று அக்கா வாயை மூடிக்கொண்டார். முட்டைக் காசில்தான் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்குகிறார். அவருக்காக நாங்கள் செய்ததையே இங்கே எழுதுகிறேன்.

பெட்டிக்குச் செலவு வேண்டாம். ஒரு காலத்தில் தோட்டங்களில் பலகைத் தேயிலைப் பெட்டி கிடைக்கும், அதைப் படுக்கப் போட்டாலே போதும். இப்போது தூள் கடதாசிச் சாக்கில் போகிறது. அக்காவுக்கு மரக்கறி ஏற்றும் பழைய பிளாஸ்டிக் கூடை இரண்டு கிடைத்தன. வடக்கில் இருப்பவர்கள் பழைய பனையோலைக் கடகத்தையும் பயன்படுத்தலாம். 1 அடி நீளம், 1 அடி அகலம், அதைவிடச் சற்றுக் கூடிய உயரம் போதும். 4, 5 கோழிக்கு ஒன்று. அக்காவுக்கு ஒன்றே காணும், இரண்டாவது சண்டை வராமல் இருக்க. முன்பக்கம் 4 அங்குலப் பலகை அடித்தால் முட்டை உருண்டு விழாது. கூடையின் ஓட்டைகளைச் சாக்கால் மூடி, வாசலிலும் கிழித்த சாக்கைத் திரை போலத் தொங்கவிட்டோம். இருட்டு வந்துவிட்டது.

உள்ளே காய்ந்த மானாப்புல்லை 3 அங்குலம் பரப்பினோம். வைக்கோலோ மரச்சீவலோ இருந்தாலும் சரி, ஈரம் மட்டும் கூடாது. கார்த்திகை, மார்கழி மழையில் எங்கள் பக்கம் எதுவும் காயாது, பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே புல்லை முன்கூட்டியே அடுப்படிக்கு மேல் பரணில் சேர்த்து வைப்பது நல்லது.

பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கூட்டின் இருண்ட மூலையில் வையுங்கள். கோழிகள் இரவில் உட்காரும் கம்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. கோழி எப்போதும் உயரமான இடத்தில்தான் உறங்கும். பெட்டி உயரமாக இருந்தால் அதற்குள் உறங்கி, எச்சம் போட்டு நாறவைக்கும். பிறகு எந்தக் கோழி அதில் முட்டையிடும்? தேவையானால் மாலையில் வாசலை அடைத்து, விடியுமுன் திறந்துவிடலாம்.

கோழிக்கு நம்பிக்கை வரப் பெட்டிக்குள் ஒரு முட்டை கிடக்க வேண்டும். 'இங்கே ஏற்கெனவே ஒருத்தி இட்டிருக்கிறாள், ஆபத்தில்லை' என்று எடுத்துக்கொள்ளும் போலும்! மேசைப்பந்து, வழவழப்பான வெள்ளைக் கல், எதுவும் சரி. கூழ்முட்டை வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது வெடித்தால் நாற்றம் வாரக்கணக்கில் போகாது.

இனிப் பழக்குவது. கோழி பெரும்பாலும் விடிந்ததிலிருந்து முற்பகலுக்குள் முட்டையிடும். எனவே 10 மணி வரை கூட்டைத் திறக்கக் கூடாது. காலையில் பிரட்டுக்குப் போகும் நமக்கு 10 மணிக்கு யார் திறப்பது? வீட்டில் வயதானவர்கள் இல்லாவிட்டால் பகல் சாப்பாட்டுக்கு வரும்போது திறந்துவிட்டால் போதும். அதுவரைக்கும் உள்ளே தீனியும் தண்ணீரும் இருக்க வேண்டும். வெளியே இட்டுப் பழகிவிட்ட கோழியை ஒரு வாரம், பத்து நாள் முழு நாளும் அடைத்து வையுங்கள். அதே நேரத்தில் பழைய இடத்தையும் அடையுங்கள். நாங்கள் மிலாறு அடுக்கைப் பக்கத்து அண்ணனின் சம்மதத்தோடு வேறு பக்கம் மாற்றினோம். ஆறாம் நாள் 3 கோழிகள் பெட்டிக்குள் இட்டன. சாம்பல் நிறக் கோழி மட்டும் இரண்டு வாரம் பிடிவாதம் பிடித்தது.

வீடு மாறும்போது கோழியையும் கொண்டுபோகும் சகோதரிகளுக்கும் இதே முறைதான். புது இடத்தில் கோழி சில நாள் முட்டையிடாமலே இருக்கும். பயம் தெளியட்டும், அதுவரை அடைத்து வைத்துத் தீனி போடுங்கள்.

மறைவில் ஒரு குவியல் முட்டை கண்டெடுத்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதியது, நிமிர்ந்து நின்றால் பழையது. மிதந்தால் எறிந்துவிடுங்கள்.

நன்றாக இட்டுவந்த கோழி திடீரென்று பெட்டி வாசல் வரை வந்து திரும்பிப் போனால், பலகை இடுக்கில் கோழிச் செள் இருக்கிறதா என்று இரவில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் பூச்சி அது. பழைய புல்லை எரித்து, பெட்டிக்குக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, இடுக்கில் அடுப்புச் சாம்பல் தூவி, புதுப் புல் போடுங்கள். செள் இல்லாமலே திரும்பிப் போகிறதென்றால் உள்ளே அடைக்கோழி ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு இடத்தைப் பிடித்திருக்கும். அதைத் தூக்கி வேறு மூலையில் அடைகாக்க வையுங்கள். அடைக்கு எத்தனை முட்டை, எந்த முட்டை என்பதை அடுத்த மாதம் எழுதுகிறேன்.