மழலையர் அறிவியலும் பெட்டி வணிகமும்

பள்ளியில் சேரும் முன்பே குழந்தைக்கு அறிவியல் நாட்டம் ஊட்டப்பட வேண்டும் என்றும், அதற்கு வயதுவாரியாக விற்கப்படும் சோதனைப் பெட்டிகளே ஏற்ற வழி என்றும் நகர்ப்புறப் பெற்றோரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியுள்ளது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் ஒருசேரக் குறிக்கும் ‘ஸ்டெம்’ என்னும் பெயர் பரவிய பின்னர், இந்நம்பிக்கையே வணிகத்திற்கு முதலாகவும் ஆகிவிட்டது. இதன் முற்பகுதியில் பிழையில்லை. பிற்பகுதியோ, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தை உலகை எவ்வாறு அறிகிறது என்பதை அறியாமல் எழுந்தது.

பலரும் விரும்பும் எரிமலைச் சோதனையில், சமையல் சோடாவின் மீது வினிகரை ஊற்றியதும் இரண்டும் வினைபுரிந்து கரியமில வாயு வெளிப்பட, சாயம் கலந்த நுரை பொங்கி வழிகிறது. உண்மையான எரிமலையில் நிகழ்வது வேறு: ஆழத்திலிருந்து மேலெழும் பாறைக்குழம்பின் மீதுள்ள அழுத்தம் குறையக் குறைய, அதில் கரைந்திருந்த வாயுக்கள் பிரிந்து குழம்பை வெளியே தள்ளுகின்றன. நுரையைக் கண்டு குழந்தை வியப்பது மெய்யே. எனினும் அது எதையும் முன்கூட்டி ஊகிக்கவில்லை, எதையும் மாற்றிச் செய்து பார்க்கவில்லை, எரிமலையைப் பற்றிய தவறான கருத்தொன்றை மட்டும் பெற்றுக்கொள்கிறது.

செய்முறைத் தாளைப் பின்பற்றச் சொல்வதால் நேரும் இழப்பை ஆய்வும் உணர்த்துகிறது. எலிசபெத் பொனாவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பல செயல்களை உள்ளே மறைத்து வைத்திருந்த ஒரு பொம்மை பாலர்களிடம் தரப்பட்டது. அதன் ஒரு செயலை மட்டும் ஆசிரியர் கற்பிப்பதுபோல் காட்டக் கண்டவர்கள் பெரும்பாலும் அதிலேயே நின்றுவிட, அவ்வாறு கற்பிக்கப்படாதவர்கள் நெடுநேரம் விளையாடி மற்றச் செயல்களையும் கண்டுபிடித்தார்கள். கற்பித்தலே தீங்கு என்று இதற்குப் பொருளில்லை; காட்டப்பட்டதை விரைவில் கற்க அது உதவவே செய்கிறது. ஆனால் தேடலே கற்றலாக இருக்கும் பருவத்தில், விடையை முந்திக்கொண்டு சொல்வது தேடலை நிறுத்திவிடுகிறது.

தேடலுக்கு வேண்டிய பொருள்களோ வீட்டிலேயே நிறைந்து கிடக்கின்றன. அகன்ற கிண்ணத்து நீரை ஒடுங்கிய உயரமான கண்ணாடிக் குவளைக்கு மாற்றினால், நீர் கூடிவிட்டது என்றே நான்கு வயதுக் குழந்தை பெரும்பாலும் சொல்லும். வடிவம் மாறினும் அளவு மாறாது என்னும் இவ்வுணர்வை ‘அளவு மாறாமை’ என்பர். ஏறத்தாழ ஏழு வயதில்தான் அது உறுதிப்படுகிறது என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விளக்கினார். குழந்தையின் தவறான விடையை வாயால் திருத்துவதால் பயனில்லை. குழந்தை தானே மாறி மாறி ஊற்றிப் பார்க்க இடம் தருவதே தகும். தோலோடு மிதக்கும் ஆரஞ்சுப் பழம் தோலுரித்தபின் மூழ்குவதும், துணியில் பட்ட மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவந்து, எலுமிச்சைச் சாறு பட்டதும் மீண்டும் மஞ்சளாவதும் பலமுறை செய்து பார்க்கத் தக்கவை. காரத்தையும் அமிலத்தையும் நிறமாற்றத்தால் அறிவிக்கும் இத்தகைய பொருளை வேதியியலார் ‘நிறங்காட்டி’ என்பர். இதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டிய தேவையில்லை. 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியும், நீர் ஊற்றுதல் போன்ற அன்றாட வீட்டுப் பணிகளைத் தம் கல்விமுறையின் தொடக்கமாகவே அமைத்திருந்தார்.

தங்களுக்கு அறிவியல் தெரியாது என்பதனாலேயே பெட்டியை நாடுவதாகப் பெற்றோர் பலர் கூறுவர். இப்பருவத்துக் குழந்தைக்கு வேண்டியவர் விடை அறிந்தவர் அல்லர், உடனிருந்து கவனிப்பவர். பாதுகாப்பிற்காகவும் அவர் அங்கிருந்தே ஆக வேண்டும்: ஒரு வாளி நீரருகேகூடக் குழந்தையைத் தனியே விடலாகாது. பெட்டிகள் சிலவற்றில் வரும் பொத்தான் மின்கலத்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடக்கூடும்.

பொருள் வசதியுள்ள குழந்தைக்கே அறிவியல் உரியது என்னும் எண்ணத்தையும் இந்த வணிகம் பரப்புகிறது. அதனால் அங்கன்வாடிக் குழந்தையின் தாய் தன் பிள்ளை ஏதோ ஒன்றை இழந்துவிட்டதாகக் கவலுறுகிறாள். அந்தக் கவலைக்கு அடிப்படையே இல்லை. பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தைப் பெற்றோர் சேமித்து வைக்கட்டும், நாள்தோறும் சிறிது நேரம் குழந்தையின் அருகில் அமர்ந்து, “என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?” என்று கேட்டு, அது செய்து முடிக்கும்வரை விடை சொல்லாமல் காத்திருக்கட்டும்.