நீர்த்துப்போன வடிவமா?

'மைண்ட்ஃபுல்னஸ்' என்று இன்று பரவலாக வழங்கப்படும் முழுக்கவனம், அதாவது செய்துகொண்டிருக்கும் செயலிலேயே மனம் ஊன்றி நிகழ்கணத்தை அறிந்திருக்கும் நிலை, தனியிடத்தில் கண்மூடி அமர்ந்து பயில்பவருக்கே வாய்க்கும் என்ற கருத்து வேரூன்றியிருக்கிறது. நடக்கும்போதும் உண்ணும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கைக்கொள்ளும் எளிய பழக்கங்கள், நேரமில்லாதவர்களுக்காகப் பிற்காலத்தார் நீர்த்துப்போகச் செய்த வடிவமே என்று இக்கருத்தினர் வாதிடுகின்றனர்.

பழமையைக் காட்டி வாதிடுவோர் மூலநூலையே பார்க்க வேண்டும். முழுக்கவனப் பயிற்சிக்கு அடிப்படையாகப் பௌத்தர் போற்றும் சதிபட்டான சுத்தம், பாலி மொழியிலமைந்த மஜ்ஜிம நிகாயம் என்னும் தொகுப்பின் 10ஆம் உரையாகும். மரத்தடியில் அமர்ந்து மூச்சைக் கவனிப்பதில் தொடங்கும் அவ்வுரை, உடனடியாக நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் என்னும் நான்கு நிலைகளுக்குச் சென்று, கைகால்களை மடக்குவதும் நீட்டுவதும், உண்பதும் பருகுவதும், பேசுவதும் பேசாதிருப்பதும், ஏன், மலசலம் கழிப்பதும்கூடத் தெளிந்த அறிவோடு நிகழ வேண்டும் என்கிறது. அன்றாடச் செயல்கள் அங்கே பிற்சேர்க்கையாக அல்ல, பயிற்சியின் உறுப்பாகவே இடம்பெறுகின்றன.

அமைதியும் ஓய்வும் இல்லாதவர்க்கு இது ஆகாது என்னும் வாதம் இன்னும் வலுக்குறைந்தது. வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1960களில் நிறுவிய சமூக சேவை இளைஞர் பள்ளியின் தொண்டர்கள், வியட்நாம் போரின் குண்டுவீச்சில் அழிந்த ஊர்களைச் சீரமைத்து வந்தனர். போரிட்ட இருதரப்பின் ஐயத்துக்கும் ஆளான அவர்களில் சிலர் கொல்லப்பட்டனர். தாயகம் திரும்ப இயலாமல் பிரான்சில் இருந்த திக் நாட் ஹான், 1974இல் அப்பள்ளியின் பொறுப்பாளர் ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதமே பிற்காலத்தில் உலகெங்கும் படிக்கப்பட்ட முழுக்கவன நூலாயிற்று. பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவதற்காகவே கழுவ வேண்டும், அடுத்து வரும் தேநீரை எண்ணிக் கைகளை விரட்டலாகாது என்னும் அவருடைய அறிவுரை, ஓய்வாக இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதன்று. நாளை உயிரோடிருப்போமா என்பதே உறுதியில்லாதவர்களுக்குச் சொல்லப்பட்டது. 1982இல் பிரான்சில் அவர் தொடங்கிய பிளம் வில்லேஜ் மடத்தில் தொலைபேசி மணி ஒலித்தால் உடனே எடுக்காமல், கைவேலையை நிறுத்தி, சில மூச்சுகளை உணர்ந்த பிறகே எடுக்கும் வழக்கம் உண்டு. இதற்குத் தனியறையும் வேண்டாம், செலவும் இல்லை.

வீட்டு வேலையில் மனம் அலைகிறது, ஆகவே அது பயிற்சியாகாது என்பதும் ஏற்கத்தக்கதன்று. உளவியல் ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட வாழ்வின் நடுவே வெவ்வேறு வேளைகளில் வினவப்பட்ட 2,250 பேரின் விடைகளில் ஏறத்தாழ 47 விழுக்காடு, மனம் செய்யும் செயலை விட்டு விலகியிருந்ததைக் காட்டின. அலைதல் சமையலறைக்கு மட்டும் உரிய குறையன்று. சதிபட்டான உரையும் மனத்தை வெறுமையாக்கச் சொல்லவில்லை. சிதறிய மனத்தைச் சிதறிய மனம் என்று அறியவே சொல்கிறது. வாணலியைத் தேய்க்கும்போது மறுநாள் கட்டணக் கவலை எழுந்தால், எழுந்ததை அறிந்து, விரல்நுனியில் படும் நீரின் சூட்டுக்குத் திரும்புவதே பயிற்சி. திரும்ப நேர்ந்ததைத் தோல்வியாகக் கணக்கிடுவது பிழை.

பயன் மெய்ப்பிக்கப்படவில்லை என்னும் கடைசி வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. சோப்பின் மணத்தையும் நீரின் வெம்மையையும் கவனித்துப் பாத்திரம் கழுவிய மாணவர்களிடம் பதற்றம் குறைந்ததைக் காட்டிய 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் பங்கேற்றோர் 51 பேரே. அதைக் கொண்டு பெரிய முடிவுகளுக்கு வர இயலாது. ஆனால் இந்த எச்சரிக்கை அமர்ந்து செய்யும் தியானத்துக்கும் பொருந்தும். 47 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2014இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, தியானப் பயிற்சிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் மிதமாகத் தணிப்பதை ஏற்றுக்கொண்ட போதிலும், மருந்து, உடற்பயிற்சி போன்றவற்றைவிட அவை மேலானவை என்பதற்குச் சான்று காணவில்லை. நோய்க்கு மருத்துவம் வேண்டும் என்பதில் இரு வடிவங்களுக்கும் வேறுபாடில்லை. ஆகவே சான்றின் குறைவைக் காட்டி ஒன்றை மெய் என்றும் மற்றொன்றைப் போலி என்றும் தரம்பிரிக்க இடமே இல்லை.