பின்னாடி ஒரு பலகை போட யாரைக் கேட்கணும்?

எங்க பெரியப்பா மகன் எல்ல பக்கம் டெக் அடிக்கிற வேலைக்குப் போகிறார். டெக் என்றால், கட்டடத்துக்குப் பின்னால் சரிவில் இரும்புக் கால் ஊன்றி, மேலே பலகை அடித்து, நாலு கதிரை போட்டு, தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற மேடை. முன்பு மரப்பலகைதான். இப்போது எல்லாரும் கேட்பது கொம்போசிட். மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் உருக்கிச் சேர்த்துச் செய்கிற பலகை அது. உக்காது, கரையான் ஏறாது, வருஷா வருஷம் எண்ணெய் பூசத் தேவையில்லை. அப்பப்ப கூட்டிக் கழுவினால் போதும். "மெயின்டனன்ஸே இல்ல தம்பி" என்று அண்ணன் ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரிச் சொல்லுவார்.

வெட்டி மிஞ்சிய துண்டுகளை முதலாளியிடம் கேட்டு, ஏழெட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். எங்க காம்பராவுக்குப் பின்சுவருக்கும் கானுக்கும் நடுவில் நாலடி இடம் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கினால் அது சேறு. அப்பாயி அங்கேதான் சாக்கு விரித்து உட்கார்ந்து விறகு உடைப்பாங்க. அண்ணன் கல்லை அடுக்கி, மேலே அந்தத் துண்டுகளை அடித்து, மழைக்கு ரெண்டு பழைய தகரமும் போட்டார். அவ்வளவுதான் எங்க டெக். அப்பாயிக்கு ஒரே சந்தோஷம், வெற்றிலைப் பையோடு அங்கேயே குடியேறிட்டாங்க.

ரெண்டு கிழமை போகவில்லை, தோட்டத்து ஆபீஸில் இருந்து ஆள் வந்துட்டார். யாரைக் கேட்டுப் போட்டீங்க? கடிதம் இருக்கா? இல்லைன்னா கழற்றுங்க.

பதுளை டவுனில் ஒருத்தர் வீட்டை நீட்டிக் கட்ட நினைத்தால் மாநகர சபைக்கு வரைபடம் கொடுக்கிறார். கிராமத்தில் பிரதேச சபை. இல்லை என்றாலும் அது ஒரு பதில், எதிர்த்துக் கேட்க ஒரு வழி இருக்கும். லயத்தில் இருக்கிறவருக்கு சபையும் துரைதான், சட்டமும் துரைதான். காணி அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்து, பிறகு 53 வருஷக் குத்தகை எழுதினார்கள். அந்தக் குத்தகைக் காகிதத்தில் நாங்கள் யார்? காணிக்காரரும் இல்லை, வாடகைக்காரரும் இல்லை. வேலைக்குச் சேர்ந்ததால் கிடைத்த கூரைக்குக் கீழே அஞ்சாறு தலைமுறையாக இருக்கிற ஆட்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவாக விடவில்லை. அதைத் திருத்தவே 2018 ஆகிவிட்டது.

"பொறாமையா மச்சான்? டூரிஸம் வந்தாத்தானே நம்ம பொடியனுகளுக்கு வேலை" என்று கெம்பஸில் ஒரு நண்பன் கேட்டான். பொறாமைதான், அதை ஏன் மறைக்கணும். ஆனால் டெக் மேல் இல்லை. டெக் போடுகிறவருக்கு இருக்கிற உரிமை மேல். எல்லயில் காணி வைத்திருக்கிறவர் பேங்கில் கடன் எடுக்கலாம், விற்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். அந்த டெக்கில் இருந்து பார்த்தால் தெரிகிற பச்சை மலையில் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்குத் தன் பின்கதவுக்கு வெளியே நாலடி சொந்தமில்லை. ஹப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னையில் லிப்டன் உட்கார்ந்து மலை பார்த்த இடத்துக்கே இன்றைக்கும் ஆட்கள் டிக்கெட் எடுத்துப் போகிறார்கள். துரை உட்கார்ந்த இடத்துக்குப் பெயர் இருக்கிறது. அப்பாயி உட்கார்ந்த இடம் "அனுமதியற்ற கட்டுமானம்".

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். கொம்போசிட் வெயிலில் விரியுமாம். அதனால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி விட்டுத்தான் அடிக்கணும், இல்லாவிட்டால் வளைந்து தூக்கிவிடும். பலகைக்கு இருக்கிற இந்த நியாயம் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, மருமகளும் வந்து சேர்கிற குடும்பத்துக்குக் கிடையாது. எங்கே விரிவது? இஸ்தோப்பை மறைத்து ஒரு அறை, பின்னாடி ஒரு குசினி. ரெண்டுக்கும் கடிதம் வேணும். 2023 ஆகஸ்டில் மாத்தளை ரத்வத்தை தோட்டத்தில் தற்காலிகக் குடிசையை தோட்ட அதிகாரி உடைக்கிற வீடியோவை நாம் எல்லாரும் ஷேர் பண்ணினோம். மலையகம் 200 நடைபயணம் மாத்தளையில் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை அப்போது.

பாதுகாப்புக்காகத்தான் தடுக்கிறோம், சரிவு மண் என்பார்கள். இந்தக் காரணத்தை நான் லேசாக எடுக்கவில்லை. டிட்வா வந்த 2025 நவம்பரில் பதுளை மாவட்டம் பட்டபாடு எங்களுக்குத் தெரியும். ஆனால் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் புதைந்தது யாரோ கடிதம் வாங்காமல் கட்டிய குசினி இல்லை. தோட்டம் கட்டிக்கொடுத்த லயங்கள். அந்த இடம் ஆபத்து, ஆட்களை நகர்த்துங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. அப்போது எந்த ஆபீஸில் இருந்தும் ஆள் வந்து "கழற்றுங்க" என்று சொல்லவில்லை. மண்மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் முதலில் லயத்தைச் சோதித்து, ஆபத்தான இடத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு காணி கொடுக்கணும். ரெண்டு தகரத்தைக் கழற்றினால் மலை நிற்குமா?

ஏழு பேர்ச் தருகிறோம் என்றார்கள். ஏறக்குறைய 1,900 சதுர அடி, அதில் 550 சதுர அடியில் வீடு. வாங்கிய குடும்பங்களைக் கேட்டால் சந்தோஷம்தான், குறை சொல்ல மனசு வராது. ஆனால் எத்தனை பேர் கையில் காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி இருக்கிறது? வீட்டுச் சாவியை மேடையில் கொடுத்து ஃபோட்டோ எடுப்பது சுலபம். உறுதி இருந்தால்தான் மிச்ச நிலத்தில் கோழிக்கூடோ, குசினியோ, கொம்போசிட் டெக்கோ, என் இஷ்டம் என்று சொல்ல முடியும். நமது தலைவர்மார் வீடு கேட்ட அளவுக்குச் சத்தமாகப் பதிந்த உறுதியைக் கேட்கட்டும். நாமும் லைக் போடுவதற்கு முதல் அதைக் கேட்போம்.

அண்ணன் போன கிழமை புது சைட்டுக்குப் போய்விட்டார், நாற்பது அடி டெக்காம். எங்க பலகைத் துண்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அப்பாயி மறுபடி சாக்கில். திரும்பப் போட அனுமதி கேட்டு நான் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். பெறுநர் என்ற இடம்தான் இன்னும் வெறுமையாக இருக்கிறது. துரைக்கா, கொழும்பில் இருக்கிற கம்பெனிக்கா, பிரதேச சபைக்கா, காணி அமைச்சுக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்க, மழை தொடங்கப் போகுது.