ஹீலர் வளர்கிறார், நோயாளி?

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு நின்றபோது ஒருவர் நோட்டீஸைக் கையில் திணித்தார். இரண்டு நாள் ஹீலர் பயிற்சி, சான்றிதழ், சுயவளர்ச்சி. யாருக்கு என்ன நோய் என்பதைத் தவிர எல்லாம் அதில் இருந்தது.

பழவேற்காட்டுக் குப்பத்தில் சின்ன வயசில் எனக்கு வேப்பிலை அடித்த ஆயாவுக்கு வெற்றிலை பாக்குதான் கூலி. "மூணு நாள்ல காய்ச்சல் எறங்கலன்னா பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடு" என்று அம்மாவிடம் சொல்லித்தான் அனுப்பும். தொழில் என்றால் அந்த ஒரு வரிதான்.

நம்பிக்கையை நக்கலடிக்க வரவில்லை. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்ததாக 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே தனிச் சிகிச்சைச் சடங்கு கிடையாது. பயமில்லாத இடம், கூடவே குடும்பம், அவ்வளவுதான். இதில் ஹீலருக்கு என்ன வேலை?

அதற்கு முந்தைய வருஷம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். தர்காவை நம்பி வந்தவர்களின் குடும்பங்களிடம் காசு வாங்கி நடந்த தொழில் அது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்துவிட்டது. 'மாத்திரையை நிறுத்துங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவரை என்ன செய்வது?

"யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு எந்த நாள்ல சொல்லித் தருவீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நெகடிவ் எனர்ஜி சார்" என்றார். வண்டி வந்துவிட்டது.