விற்பனை ஓடுகிறது, வீட்டுக் கூலி எங்கே?



தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டு மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தபோது நம் குடும்பங்களுக்கு மாடும் போயிற்று, காய்கறித் தோட்டமும் போயிற்று. பசார் மாலாமில் ஓர் இடம் பிடிக்கலாம் என்றால் நகராண்மைக் கழக லைசென்சுக்கு அலைய வேண்டும். இன்று கைப்பேசி ஒன்று இருந்தால் ஷோப்பியிலோ டிக்டோக்கிலோ கடை திறந்துவிடலாம். முறுக்கு, மசாலாத் தூள், சேலை என்று நம் பெண்கள் விற்கத் தொடங்கிவிட்டார்கள். யாருடைய சிபாரிசுக் கடிதமும் கேட்காத கடை இது. வரவேற்போம்.

ஆனால் அந்தக் கடையில் லாபம் இருக்கிறதா? 2004இல் நாட்டின் பங்குடைமையில் இந்தியர்களுக்கு 1.2 விழுக்காடுதான் என்று ஒன்பதாவது மலேசியத் திட்டமே சொன்னது. அந்தக் கணக்கைத் தலைவர்கள் மேடையில் பேசிக்கொண்டிருக்கட்டும். நாம் ஒரு டப்பா முறுக்கின் கணக்கைப் பார்ப்போம்.

டப்பா 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாவு, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்த்து 6 வெள்ளி. டப்பா, ஒட்டுத்தாள், அட்டைப்பெட்டிக்கு 1 வெள்ளி 50 காசு. இணையத் தளம் பிடித்துக்கொள்ளும் கட்டணங்கள் 2 வெள்ளி. தள்ளுபடி கூப்பன், இலவச டெலிவரி என்று நீங்களே விட்டுக்கொடுப்பது இன்னொரு 1 வெள்ளி 50 காசு. கையில் மிஞ்சுவது 4 வெள்ளி. அம்மாவும் மகளும் எட்டு மணி நேரம் அடுப்படியில் நின்று 20 டப்பா செய்கிறார்கள். ‘இன்றைக்கு 300 வெள்ளி வியாபாரம்’ என்று வீடே மகிழ்கிறது. மிச்சம் 80 வெள்ளி. இரண்டு பேரின் 16 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 5 வெள்ளி!

2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஒரு முதலாளி நம் பெண்ணுக்கு மணிக்கு 5 வெள்ளி கொடுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்வோம். நம் வீட்டு அடுப்படியில் அதே அநியாயம் நடந்தால் ‘சொந்தத் தொழில்’ என்று பெருமைப்படுகிறோம். அம்மாவின் உழைப்புக்கு விலை போடாமல் எழுதும் கணக்கு கணக்கே அல்ல.

அதே டப்பாவை அதே 15 வெள்ளிக்கு, கூப்பன் இல்லாமல், தபால் செலவை வாங்குபவரே ஏற்கும்படி உங்கள் புலனம் வழியாக நேரடியாக விற்றுப் பாருங்கள். மிச்சம் 7 வெள்ளி 50 காசு. மணிக்கு 9 வெள்ளிக்கு மேல் வருகிறது. லாபம் இருப்பது இங்கேதான், திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளரிடம். புதிய முகங்களைத் தேடித் தள்ளுபடி மேல் தள்ளுபடி கொடுப்பதில் பெரும்பாலும் அந்தத் தளத்துக்குத்தான் ஆதாயம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தளத்தில் வந்த ஆர்டரை வெளியே இழுப்பது அவர்கள் விதிக்கு எதிரானது, கடையை முடக்கிவிடுவார்கள். ஆகவே நேரடி வாடிக்கையாளர்களை வேறு இடத்தில் தேட வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, கோயில் உபயக்காரர்கள், தொழிற்சாலை பஸ்ஸில் உடன் வருபவர்கள் என நம்மிடம் ஆளுக்கா பஞ்சம்? யார் எப்போது எவ்வளவு வாங்கினார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பே அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குச் செய்தி அனுப்புங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு செய்தால் மாவு வாங்க ஆலோங்கிடம் போகத் தேவையில்லை.

தமிழில் மட்டும் விளம்பரம் போடுவதும் சரியல்ல. முறுக்கை மலாய்க்காரரும் சீனரும் விரும்பித் தின்கிறார்கள். எடை, சேர்மானம், செய்த தேதி எல்லாவற்றையும் மலாயிலும் எழுதுங்கள். சான்றிதழ் இல்லாமல் ‘ஹலால்’ என்று மட்டும் போடாதீர்கள், அது குற்றம். படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும். ‘இணையத்தில் கோடீஸ்வரர் ஆகலாம்’ என்று ஹோட்டலில் வகுப்பு நடத்தி ஆயிரக்கணக்கில் கறப்பவர்களிடம் போகாதீர்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை மூட்டை மாவு வாங்கலாம்!

நம்மவர்கள் பலர் பதிவு செய்யாமலே விற்கிறார்கள். சொந்தப் பெயரில் என்றால் எஸ்.எஸ்.எம். பதிவுக்கு ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவு இருந்தால்தான் கடன் முகப்பில் தைரியமாகப் பேச முடியும். 2024இல் இந்தியத் தொழில்முனைவோருக்காகத் தெக்குனின் ஸ்பூமி திட்டத்தில் கூடுதலாக 3 கோடி வெள்ளியும், அமானா இக்தியாரில் இந்தியப் பெண்களுக்கான திட்டத்தில் 5 கோடி வெள்ளியும் ஒதுக்கப்பட்டன. நம் தாமானில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். கேட்பது உரிமை, பிச்சை அல்ல. லாபத்தில் ஒரு பங்கைச் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் போடுங்கள். 2025இலிருந்து நீங்கள் போடுவதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்த்துக் கொடுக்கிறது.

இதையெல்லாம் செய்ய முடியாத நம் மக்களும் இருக்கிறார்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே எஸ்.எஸ்.எம்.மில் தொழிலைப் பதிவு செய்யலாம். இந்த மண்ணிலேயே பிறந்தும் பத்திரம் இல்லாத பெண் என்ன செய்வாள்? பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் கடை, அவர் வங்கிக் கணக்கில் பணம். அவர் கொடுத்தால் உண்டு. சிவப்பு அடையாள அட்டைக்காரர் பதிவு செய்யலாம், ஆனால் குடிமக்களுக்கென்று இருக்கும் தெக்குன் கடனை வாங்க முடியாது. தேசியப் பதிவு இலாகாவில் மனு போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போருக்குக் குடியுரிமை கிடைக்கும் வரையிலாவது, சொந்தப் பெயரில் சிறுதொழிலைப் பதிந்து வங்கிக் கணக்குத் திறக்க அனுமதி வேண்டும். உங்கள் தாமானில் இப்படி யாராவது கடை நடத்தினால், அவரது மனு ரசீதுகளின் நகலைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை இலாகாவுக்குத் தனியாக அனுப்பாமல் நீங்களும் உடன் போங்கள்.